பதினைந்து வரிகளுக்குள்

மஹாச்சாய், தாய்லாந்து
5 மார்ச் 2023

என் தம்பி தெய்ன் லின்னின் மனைவி நுவே ஊவுக்கு, சான் யீ எழுதுவது.

நீயும் குழந்தை சூ சூவும் உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். உங்கள் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரம் சாய்க்கப்பட்டபின், மலைக் கணவாய் வழியே சரக்கு ஏற்றிப் போகும் கோ மியிண்ட்டின் சட்டைப் பைதான் நமக்குத் தபால்பெட்டி. ஆகவே சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு பிப்ரவரி இருபதாம் தேதி வந்தது. ஒன்பது ஆண்டுகள். இறால் கொட்டகையில் அவனுடைய அலமாரியில் அகப்பட்ட போதை மாத்திரைப் பொட்டலம் விற்பனைக்கானது என்று முடிவாகியிருக்கிறது. அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நீதிமன்றம் செல்ல இயலவில்லை.

காவல் நிலையத்தில் அவனுக்காக மொழிபெயர்த்தவள் நான் என்பதை நீ அறிவாய். அரசு மொழிபெயர்ப்பாளர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். தேவையில்லை, நான் இருக்கிறேன் என்றேன். அங்கே பேசப்பட்ட எதையும் நான் பிழைபடச் சொல்லவில்லை. தம்பி கையெழுத்திட்ட வாக்குமூலத் தாளின் அடியில், "படித்துக் காட்டப்பட்டது" என்று அச்சிட்ட வரிக்குக் கீழே, அவர்களுடைய எழுத்திலேயே கையெழுத்திட்டேன். "பர்மாக்காரி போட்ட கையெழுத்தா இது!" என்று அதிகாரி பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இனி, சிறையின் விதி. அங்கே போகும் கடிதமும் வரும் கடிதமும் தாய்லாந்து மொழியில் இருந்தால் ஒரு வாரத்தில் கைசேரும். நம் மொழியில் இருந்தால் தணிக்கைக்கு ஆள் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் கிடக்கும். ஒரே தாள், பதினைந்து வரி; கூடுதலாக ஒரு வரியும் ஆகாது. தம்பிக்கு அந்தப் பேச்சு ஓரளவு வரும், எழுத்து வராது. உடனிருக்கும் கைதி ஒருவர் அவனுக்காக எழுதுகிறார், படித்தும் காட்டுகிறார். நேரில் பார்க்கப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது தொழிலாளர் அட்டை மட்டும். ஆகவே நீ அவனுக்கு எழுதுவதை எனக்கு அனுப்பு. நான் மொழிபெயர்த்து அனுப்புவேன்.

அவனுடைய முதல் கடிதம் நேற்று வந்தது. நலமாக இருக்கிறான். உணவு போதுமானதாக இருக்கிறது. உன்னையும் குழந்தையையும் விசாரித்திருக்கிறான். கவலைப்பட வேண்டாம் என்கிறான்.

இப்படிக்கு,
சான் யீ

•

தவாய், பர்மா
26 மார்ச்

அக்கா,

உங்களை மாதிரி ஆரம்பிச்சு உங்களை மாதிரி முடிக்க எனக்கு வராது. பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்கங்க.

ஒம்பது வருஷம்னு எழுதிட்டு, அஞ்சாறு வரி தள்ளி சாப்பாடு போதுமானதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படிக்கா முடியுது உங்களால? நான் அந்த எடத்துல லெட்டரை மடிச்சு வச்சிட்டு, வெறகடுப்பு அணைஞ்சது கூடத் தெரியாம உக்காந்திருந்தேன். சூ சூ வந்து "அம்மா, சோறு தண்ணியாவே இருக்கு"ன்னு சொன்னப்பதான் நெனப்பு வந்துச்சு.

ஒண்ணு கேக்கறேன். அவரு லெட்டர் பதினஞ்சு வரின்னு நீங்களே சொல்றீங்க. எனக்கு நீங்க சொன்னது நாலு. நலமா இருக்காரு, சாப்பாடு, விசாரிப்பு, கவலைப்படாத. நான் வெரல் விட்டு எண்ணிட்டேன். மீதிப் பதினோரு வரி எங்க?

படகு வச்சிருக்காரே, ஊ தான்னு ஒருத்தரு, அவரோட தம்பி உங்க ஊர்ப் பக்கம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. தீர்ப்பு ஆனா மேல்கோர்ட்டுக்குப் போக ஒரு மாசம் தவணை உண்டாம். அந்தத் தம்பிக்காரரு எங்கிட்ட, "இவ்வளவு நாளா நீ என்ன பண்ணிட்டிருந்தே?"ங்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்களுக்கும் தெரியாதா? இருபதாம் தேதியோட ஒரு மாசம் முடிஞ்சு போச்சே அக்கா. நீட்டிக் கேக்க முடியுமான்னு பாருங்க.

அவருக்கு இதை எழுதுங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்: "கோ லின், அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சு கையெழுத்து போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா? போடுன்னு யாரு சொன்னது?"

நுவே ஊ

•

மஹாச்சாய்
23 ஏப்ரல் 2023

அன்புள்ள நுவே ஊவுக்கு,

உன் கடிதத்தின் தொனி எனக்கு வருத்தம் அளித்தது. ஆயினும் உன் நிலையை உத்தேசித்து அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறேன்.

வரிகளை எண்ணியிருக்கிறாய். சிறைக் கடிதத்தில் பாதி இடம் முகவரிக்கும் மரியாதைச் சொற்களுக்கும் போய்விடும். சாரத்தைத்தான் நான் தந்தேன். தவணையைப் பற்றி: அப்படி ஒன்று இருந்திருந்தால் தம்பி எழுதியிருப்பான் அல்லவா? உன் கேள்வியை அனுப்பிவிட்டேன்.

உனக்கு ஒரு நற்செய்தி. நான் அந்த மொழியை முறைப்படி மேலே கற்கத் தீர்மானித்திருக்கிறேன். எனக்கு யாரும் கற்பித்ததில்லை. பதினேழு ஆண்டுகளில் மீன் டப்பாக்களிலும் பேருந்துப் பலகைகளிலும் மருந்து அட்டைகளிலும் நானாகக் கற்றேன். கொட்டகையில் சம்பளச் சீட்டு வந்தால் பெண்கள் என்னிடம்தான் நீட்டுவார்கள். "புரொஃபஸர் வர்றாங்க, தள்ளி உக்காருங்கடி" என்பார்கள். ஆனால் கைப்பட எழுதிய எழுத்து, அச்செழுத்தைப் போல முகம் காட்டுவதில்லை. தம்பிக்குத் தகுந்த நடையில் எழுதவேண்டும் என்றால் அந்தக் குறையும் தீர வேண்டும்.

எங்கள் கொட்டகைக்கு எதிர்ச் சந்தில் தொழிலாளர் உதவிச் சங்கம் ஞாயிறுதோறும் இலவச வகுப்பு நடத்துகிறது. மார்ச் மாதம் மூன்று ஞாயிறு போனேன். ஒவ்வொரு வாரமும் புதிய ஆட்கள் வருவதால் ஒவ்வொரு வாரமும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களுடைய எழுத்து வரிசை கோழிப் படத்தில் தொடங்கி ஆந்தைப் படத்தில் முடியும். மூன்று வாரம் நான் கோழியைப் பார்த்தேன். ஆந்தையை ஒருமுறையும் பார்க்கவில்லை. தலைவலி, காய்ச்சல், விலை என்ன, முதலாளி சம்பளம் தரவில்லை: அவ்வளவே பாடம். அடுத்த நிலை வகுப்பு உண்டா என்று கேட்டேன். "அதுக்கு மேல கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று அந்தத் தொண்டர் உண்மையான வியப்போடு கேட்டார்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை பாங்காக் சென்று, அந்நியருக்கு மொழி கற்பிக்கும் பள்ளி ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, மேசையில் பூ. இடைநிலை வகுப்பு என்று பலகையிலேயே எழுதியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் புன்னகை மாறாமல் பேசினாள்.

"அக்கா, இது வெளிநாட்டுக்காரங்களுக்கான வகுப்பு."

"நானும் வெளிநாட்டுக்காரிதான்."

"இல்ல அக்கா... நீங்க பர்மா இல்ல?"

கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம். அதைச் சொல்லிவிட்டு, வீட்டு வேலைக்கு ஆள் தேடும் ஜப்பானிய அம்மாள் ஒருவரின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கைப்பட எழுதிய சீட்டு. வெளியே வந்து வெகுநேரம் அதைப் பார்த்தேன். எண்ணைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை.

இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

சான் யீ

•

தவாய்
11 ஜூன்

அக்கா,

மழை புடிச்சிருச்சு. முந்திரி எல்லாம் போச்சு, பறிக்கப் போன ஆளுங்க பாதியில ஓடி வந்துட்டாங்க. பட்டாளத்துக்காரங்க மேலத் தெருவுல பதினாலு வீட்டைக் கொளுத்திட்டாங்க. எங்களுது கீழத் தெரு. இப்போதைக்கு இருக்கு.

அவரோட ரெண்டாவது லெட்டர்லயும் "நலம், கவலை வேண்டாம்"னுதான் இருந்துச்சுன்னு போன மாசம் அனுப்பின சீட்டுல எழுதறீங்க. என் கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் இல்லையா? எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி எட்டு வருஷம். உப்பு ஏன் கூடிப்போச்சுன்னு கேட்டாக்கூட உக்கார வச்சு விளக்கம் சொல்ற மனுஷன் அவரு. இதுக்கு வாயைத் தொறக்க மாட்டாரா?

படிச்சவங்க நீங்க. நான் நாலாவதோட நின்னவ. ஆனா எனக்கு ஒண்ணு தோணுது, சொன்னா கோவிச்சுக்குவீங்க. கோவிச்சுக்கங்க. அந்த லெட்டரை வேற யார்கிட்டயாவது காட்டிப் படிக்கச் சொல்லுங்க. பக்கத்து ரூம்ல, கடையில, யாராவது. கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? எங்க சந்தையில அரிசி மூட்டை மேல வெளிநாட்டு எழுத்துல என்ன எழுதியிருக்குன்னு நான் தெனம் யார்கிட்டயாவது கேக்கறேன். எவனும் என்னை அடிச்சதில்லை.

பள்ளிக்கூடம் தேடறேன்னு எழுதியிருக்கீங்க. நல்லது. ஆனா அவரு உள்ள இருக்காரு அக்கா. நீங்க பரீட்சை எழுதி முடிக்கற வரைக்கும் அவரு உள்ளதான் இருப்பாரு.

நுவே

•

மஹாச்சாய்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள நுவே ஊவுக்கு,

எவரிடமும் நான் எதையும் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. உன் யோசனைக்கு நன்றி.

ஆசிரியை ஒருவர் அமைந்துவிட்டார் என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன். பெயர் டாவ். வயது இருபத்தாறு. நகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். அவருடைய தாயார் படகுத்துறையில் கணவாய் மீன் காயவைத்து விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரண்டு மணி நேரம் மீன் கழுவிக் கீறித் தருவேன். அதற்கு ஈடாக அவர் ஒரு மணி நேரம் படகுத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லுவார். கணவாய் மீனின் மை படிந்த கையோடுதான் உட்காருகிறேன். அதனால் என் பேச்சு தாழ்ந்துவிடவில்லை.

முதல் நாள் அவர் சிரித்தார். "யீ அக்கா, நீங்க பேசறது டிவியில செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு. படிக்கச் சொன்னா மட்டும் ஏன் இப்படி நொண்டுது?"

"அச்சில் இருந்தால் நொண்டாது" என்றேன்.

"அப்ப கையெழுத்துதான் கஷ்டமா? அதுக்கென்ன, எங்க வகுப்புல முப்பத்தெட்டு விதக் கையெழுத்து இருக்கு!"

தம் மாணவர்களின் வீட்டுப்பாட நோட்டுகளைக் கட்டாகக் கொண்டு வருகிறார். எட்டு வயதுக் குழந்தைகள் தங்கள் நாயைப் பற்றியும் தந்தையின் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் எழுதியதைத் திருத்துகிறேன் என்ற பெயரில் நான் படிக்கிறேன். ஒரே எழுத்தை ஒரு குழந்தை கொக்கியாகவும் இன்னொன்று முட்டையாகவும் போடுகிறது. முதல் வாரம் அரைப் பக்கம். இப்போது ஒரு நோட்டு முழுவதும்.

அக்டோபர் பிறப்பதற்குள் பெரியவர்கள் எழுதியதையும் படித்துவிடலாம் என்கிறார்.

சான் யீ

•

மஹாச்சாய்
15 அக்டோபர் 2023

நுவே ஊ,

உன் பதில் வரவில்லை. வழியில் சண்டை என்று கோ மியிண்ட் சொன்னார். வராமல் இருந்ததே நல்லது. இந்தக் கடிதத்தை நான் ஆறு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

தம்பியின் முதல் கடிதத்தை இந்த மாதம் முதல் ஞாயிறு படித்தேன். படித்தேன் என்று சொல்வதன் பொருளை நீ புரிந்துகொள்வாய். மார்ச் மாதம் நான் அதைப் படிக்கவில்லை. "சாப்பாடு" என்ற சொல்லும், உன் பெயரும், குழந்தையின் பெயரும் மட்டும் அடையாளம் தெரிந்தன. மற்றதை நானாகக் கட்டினேன். இரண்டாம் கடிதமும் அப்படியே. உன் கேள்வியையும் நான் அனுப்பவில்லை. அந்த இடத்தில் "உடலைக் கவனித்துக்கொள்ளவும்" என்று எழுதினேன்.

அவன் எழுதியது இது. இம்முறை என் சொல் ஒன்றும் இதில் இல்லை.

"அக்கா, நல்லா இருக்கேன், சாப்பாடு கிடைக்குது. இதைக் கவனமா படி. கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளைப் படிச்சுக் காட்டினாரு. கடைசிப் பக்கத்துல போலீஸ்காரர் கையால எழுதினதுல, பொட்டலம் என்னுது, விக்க வச்சிருந்தேன்னு இருக்கு. நான் சொன்னது அலமாரி என்னுதுன்னுதான். பூட்டு இல்லாத அலமாரி, மூணு பேர் பொழங்கினது. மேல்முறையீட்டுக்கு மார்ச் இருபது கடைசி நாள். உன் கொட்டகைக்கு எதிர்ச் சந்துல சங்கம் இருக்கே, அங்க காசு வாங்காத வக்கீல் வருவாராம். இந்த லெட்டரை அவருகிட்ட காட்டினாப் போதும். நுவே ஊகிட்டயும் சூ சூகிட்டயும் சொல்லு. எனக்கு உன்மேல கோவம் இல்லை. மறக்காத, மார்ச் இருபது."

காவல் நிலையத்தில் முதல் இரண்டு பக்கம் அச்சில் இருந்தன. அவற்றை நான் படித்தேன். மூன்றாம் பக்கம் கையெழுத்தில் இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை வரிகளின்மேல் மெதுவாக ஓட்டினேன், படிப்பவள் ஓட்டுவதுபோல. பிறகு "சரியாக இருக்கிறது, போடு" என்று தம்பியிடம் சொன்னேன். நீ கேட்டாயே, யாரு சொன்னது என்று. நான்.

இன்னொன்றையும் நீ அறிய வேண்டும். மார்ச் பன்னிரண்டாம் தேதியும் பத்தொன்பதாம் தேதியும் அதே சங்கத்தின் அறையில் கோழிப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடிதம் என் கைப்பையில் இருந்தது. வக்கீலின் மேசை எனக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் இருந்தது. என் கொட்டகைப் பெண்கள் ஐந்து பேர் அதே பெஞ்சில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அதை எடுத்து, "இதை எனக்குப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க என்னால் முடியவில்லை.

போன திங்கட்கிழமை அந்த வக்கீலிடம் போனேன். நடுத்தர வயதுக்காரர், கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு மாசம் கழிச்சுக் கொண்டு வர்றீங்க. தவணை நீட்டணும்னா காரணம் சொல்லணும். என்ன காரணம் சொல்ல?"

"படிக்க முடியவில்லை" என்றேன்.

"இந்தத் தெருவுல படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேரு தெரியுமாம்மா? மீன் விக்கறவ கூடப் படிப்பா. இதையா நான் கோர்ட்டுல சொல்ல முடியும்?"

கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே கேட்கவில்லை.

சான் யீ

•

தவாய்
19 நவம்பர்

அக்கா,

உங்க லெட்டர் வந்தப்ப கீழத் தெருவும் இல்லை. ஊ தானோட படகுக் கொட்டாய்ல இருக்கோம், அங்கதான் கோ மியிண்ட் கொண்டாந்து குடுத்தாரு. மொத ரெண்டு தடவை நான் படிச்சேன். மூணாவது தடவை சூ சூ எழுத்துக் கூட்டிப் படிச்சா. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல அவளுக்கு இருக்கற ஒரே புஸ்தகம் உங்க லெட்டருங்கதான். "மார்ச் இருபதுன்னா என்னம்மா?"ன்னு கேட்டா. திருவிழா ஏதோன்னு நெனச்சிட்டா போல.

திட்டறதுக்கு நிறைய யோசிச்சு வச்சிருந்தேன். வரலை. உங்க தம்பி மன்னிச்சுட்டாரு, அது அவரு கொணம். நான் மன்னிக்கலை. ஆனா உங்களை நெனச்சு ஒரு நிமிஷம் பாவமாவும் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அஞ்சு பொம்பளைங்க முன்னாடி வெக்கப்பட்டீங்க. அந்த வெக்கத்துக்கு ஒம்பது வருஷம் வெலை.

ஊ தான் தெற்கே கௌதாங் ஊர்ப் பக்கம் போறாரு. சம்சாரம் செத்து மூணு வருஷமாகுது அவருக்கு. எங்களையும் கூப்பிடறாரு. நான் போறேன். இது என்ன மாதிரி போறதுன்னு உங்களுக்குப் புரியும்.

கீழ இருக்கறது கோ லின்னுக்கு. பதினஞ்சு வரிக்குள்ள வரணும்னு சின்னதா எழுதியிருக்கேன். நம்ம பாஷையில அனுப்பினா எந்த வருஷம் போய்ச் சேருமோ. நான் போன பின்னாடி அவரு எனக்காகக் காத்துக் கெடக்கக் கூடாது. அதனால நீங்கதான் எழுதணும். வேற யாரும் எனக்கு இல்லை. உடலைக் கவனிச்சுக்கங்கன்னு எதையும் சேக்காதீங்க. எதையும் எடுக்காதீங்க. நீங்க படிச்ச படிப்பு இந்த ஒரு லெட்டருக்காவது உதவட்டும்.

"கோ லின். வீடு எரிஞ்சு போச்சு. சூ சூ நல்லா இருக்கா. நான் ஊ தான்கூட தெற்கே போறேன், அவரோட இருக்கப் போறேன். ஒம்பது வருஷம் தனியா இந்தப் புள்ளையைக் காப்பாத்த எனக்குத் தெரியலை. நீங்க தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். சூ சூகிட்டயும் அப்படித்தான் சொல்லி வளப்பேன். எனக்கு லெட்டர் போடாதீங்க, வந்தா நான் போக மாட்டேன். உங்க பச்சை லுங்கியை மட்டும் எடுத்துட்டுப் போறேன், அது தீயில போகலை. நுவே."

•

மஹாச்சாய்
10 டிசம்பர் 2023

நுவே ஊவுக்கு,

இந்தக் கடிதம் உன்னைச் சேருமா என்று தெரியவில்லை. கௌதாங் போகும் சரக்குக்காரர் ஒருவரிடம் கோ மியிண்ட் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ எழுதியதை இன்று மொழிபெயர்த்தேன். வழக்கம்போல முதலில் மீன் கழுவினேன். பிறகு கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். "தெரியலை" என்ற இடத்தில் "இயலவில்லை" என்று எழுதினால் கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. எழுதவில்லை. நீ சொன்னபடியே, சந்தையில் பேசுகிற பேச்சிலேயே எழுதினேன். அந்தப் பேச்சை எழுத்தில் கொண்டுவருவதுதான் மிகக் கடினம் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார்.

தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் எப்போதும் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிப்பார். இன்று கடைசி வரிவரை வந்தார். பேனா தாளைத் தொடவே இல்லை. அதன் மூடியை மெல்லத் திருகினார்.

"திருத்த ஒண்ணுமில்லை அக்கா" என்றார். பிறகு, "இது யாருக்கு வந்த கடிதம்?" என்று கேட்டார்.

"போகிற கடிதம்" என்றேன்.

அவர் என் தோளைத் தொட்டார். அடுத்த ஞாயிறு வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இனிக் கற்க எனக்கு எதுவும் இல்லை.

உன் சொற்கள் பதின்மூன்று வரிகளில் முடிந்தன. இரண்டு வரி மிச்சம் இருந்தது. தம்பிக்கு என் பங்காக ஏதேனும் எழுதலாம் என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன். பிறகு, அன்று காவல் நிலையத்துத் தாளின் அடியில் இருந்ததைப் போன்ற ஒரு வாசகத்தை எழுதி, அதே கையெழுத்தை இட்டேன்:

"மேற்கண்டது முழுவதும் என்னால் படிக்கப்பட்டது. ஒரு சொல்லும் விடுபடவில்லை. மொழிபெயர்த்தவள், சான் யீ."

நான்கு மணிக்குத் தபால்பெட்டியில் போட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் அவன் கைக்குச் சேர்ந்துவிடும்.